நினைவா, தடமா? 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் பொய்ச் செய்தி ஆய்வுகளில் எதை நம்புவது

போலிக் கணக்குகளில் பிரசாரம் செய்த ரஷ்ய நிறுவனமான இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி போட்ட பதிவுகள் 12.6 கோடிப் பேருக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் சொன்னது. அந்த எண்ணை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது 2015 ஜனவரி முதல் 2017 ஆகஸ்ட் வரையிலான கணக்கு. வாக்குப்பதிவு நடந்ததோ 2016 நவம்பர் 8. அதோடு, விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரின் திரையில் ஒரு நொடி வந்து போன பதிவும் அதில் சேரும். படித்தாரா, நம்பினாரா என்பது தெரியாது.

உண்மையான போட்டி ஆளைக் கேட்பதற்கும் இணையத்தில் அவர் போன தடத்தைப் பார்ப்பதற்கும்தான்.

பொருளாதார ஆய்வாளர்களான ஹண்ட் ஆல்காட்டும் மேத்யூ ஜென்ட்ஸ்கோவும் தேர்தல் முடிந்த கையோடு சுமார் 1,200 பேரைக் கேட்டார்கள். உண்மையில் உலவிய பொய்த் தலைப்புகளோடு, எங்குமே வராத, தாங்களே இட்டுக்கட்டிய தலைப்புகளையும் கலந்து வைத்தார்கள். உலவிய பொய்யைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 15%. இட்டுக்கட்டியதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 14%! இதைப் படித்த பிறகு, இப்படியொரு பொறி வைக்காமல் "இத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள்" என்று சொல்லும் எந்தக் கருத்துக்கணிப்பையும் என்னால் ஏற்க முடியவில்லை.

தடம் நினைவைப் போல ஏமாற்றாது. கெஸ், நைஹன், ரைஃப்லர் மூவரும் 2,525 பேர் போன இணையதளங்களின் பதிவை எடுத்தார்கள். நம்பகமற்ற தளத்துக்கு ஒரு முறையாவது போனவர்கள் 44%. ஆனால் மொத்த வருகையில் 62%, மிகத் தீவிரமான வலதுசாரிச் செய்திகளையே படிக்கும் 20% பேருடையது. ட்விட்டரிலும் அதே கதை: கிரின்பெர்க் குழு பார்த்த 16,000-க்கும் மேற்பட்ட வாக்காளர்களில் 1% பேர் முன்தான் பொய்ச் செய்திகளில் 80% வந்து விழுந்தது. சராசரி இங்கே உதவாது.

தடத்திலும் மனம் தெரியாது. அதனால் இரண்டையும் இணைத்த 2023-ஆம் ஆண்டு ஆய்வையே முன்னால் வைப்பேன். ரஷ்யக் கணக்குகளின் ட்வீட்டுகள் யார் முன் வந்தன என்று பார்த்து, அதே ஆட்களின் கருத்தையும் வாக்கையும் பல கட்டங்களாகக் கேட்டார்கள். அளவிடக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் "பாதிப்பே இல்லை" என்று இதை வைத்து முழங்குவது தப்பு. சுமார் 1,500 பேரிடம் தென்படாத சிறு சாய்வு, மூன்று மாநிலங்களில் 80,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் முடிந்த தேர்தலில் சிறிதா பெரிதா என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது.

நம் ஊர் வாட்ஸ்அப்புக்கு வந்தால் இந்தத் தடம் கிடைப்பதும் அரிது. குடும்பக் குழுவில் அத்தை அனுப்பும் ஃபார்வர்டு, குழுவில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாத மறையாக்கத்துக்குள் இருக்கிறது. ஆய்வாளரின் கணக்கில் எளிதில் வராது. 2019 தேர்தலின்போது அரசியல் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் வீடு வீடாக ஆள் அனுப்பித்தான் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது.