ஸ்ட்ராங்போ, டி லேசி, டி கோர்சி: அயர்லாந்தை யாரிடம் கொடுத்திருக்கலாம்?

1171 அக்டோபரில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி பெரும்படையோடு அயர்லாந்தின் வாட்டர்போர்டு பக்கம் வந்து இறங்கினார். அவர் பயந்தது ஐரிஷ் அரசர்களைப் பார்த்து இல்லை, தன் சொந்தப் பிரபு ரிச்சர்டு டி கிளேரைப் பார்த்துத்தான். ஸ்ட்ராங்போ என்ற பட்டப்பெயரில் எல்லோரும் அறிந்த ஆள். கடல் தாண்டி வேலைக்குப் போனவன் அங்கேயே ராஜாவாகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை. அடுத்த பதினைந்து வருடமும் அயர்லாந்துக்கு யாரை ஆளுநராக வைத்தாலும் ஹென்றிக்கு இந்தக் கவலை விடவில்லை.

அவர் வைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். ஸ்ட்ராங்போ, வில்லியம் ஃபிட்ஸ் ஆல்டெல்ம், ஹியூ டி லேசி. நான்காவதாக ஜான் டி கோர்சி. அவரை ஹென்றி தேடிப் போகவில்லை, அவரே கிளம்பிப் போய் ஊரைப் பிடித்துக்கொண்டவர்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சுவையான விவரங்களில் பாதிக்கு மேல் வேல்ஸ்காரப் பாதிரியார் ஜெரால்டு எழுதியவை. அவர் சொந்தக்காரர்களே அந்தப் படையெடுப்பில் முன்னால் நின்றவர்கள். அதனால் அவர் திட்டினால் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும், புகழ்ந்தாலும் அப்படித்தான்.

ஸ்ட்ராங்போவின் கணக்கு எளிது. 1170 ஆகஸ்டில் சுமார் 200 குதிரை வீரர்களோடும் 1,000 பேரோடும் வந்தார், வாட்டர்போர்டைப் பிடித்தார், லென்ஸ்டர் அரசர் டெர்மட்டின் மகள் ஈஃபாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த மே மாதம் மாமனார் இறந்ததும் லென்ஸ்டரைத் தனதாக்கிக்கொண்டார். ஹென்றி வந்து நின்றதும் புத்திசாலித்தனமாகப் பணிந்து டப்ளினையும் கடற்கரை ஊர்களையும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை 100 வீரர் சேவைக்கு (மன்னர் கேட்கும்போது அத்தனை குதிரை வீரர்களை அனுப்பும் கடமைக்கு) ஈடாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். 1173இல் ஆளுநர் பதவியும் வந்தது. ஆனால் சண்டைக்காரராக இருந்த அளவுக்கு அவர் நிர்வாகியாக இல்லை. 1174இல் தர்லஸில் நல்ல அடி வாங்கினார். அவருடைய வீரர்களே ரேமண்ட் என்ற இன்னொரு தளபதியைத்தான் தலைமைக்குக் கேட்டார்கள். 1176இல் காலில் புண் வைத்து இறந்துபோனார். எதிரிகளுக்குத் தெரியக்கூடாது என்று அவர் தங்கை பசிலியா, ரேமண்டுக்கு “எனக்கு அவ்வளவு வலி கொடுத்த கடைவாய்ப்பல் விழுந்துவிட்டது” என்று சங்கேதமாகக் கடிதம் அனுப்பினாராம். அண்ணனுக்கு இப்படி ஓர் அஞ்சலி!

அடுத்து ஃபிட்ஸ் ஆல்டெல்ம். இவர் அரண்மனை ஆள். சொந்தப் படை கிடையாது, மன்னரை மீறி எதுவும் செய்யத் தோன்றாது, அந்த வகையில் ஹென்றிக்கு மிகப் பாதுகாப்பான தேர்வு. ஜெரால்டு இவரைக் கரித்துக் கொட்டுகிறார். இவர் வந்து இறங்கியபோது ரேமண்டின் இளைஞர்கள் முப்பது பேர் ஒரே சின்னம் போட்ட கேடயங்களோடு வரவேற்க வந்தார்களாம், இவரோ பக்கத்தில் இருந்தவர்களிடம் இந்தத் திமிரை அடக்குகிறேன் என்று முணுமுணுத்தாராம். ஒரு வருடம்கூட முழுதாகத் தாங்கவில்லை. அவர் சும்மா இருப்பதைப் பார்த்து வெறுத்துப்போன டப்ளின் வீரர்களில் ஒருவர்தான் டி கோர்சி. 1177 தொடக்கத்தில் 22 குதிரை வீரர்களையும் 300 சொச்சம் காலாட்களையும் கூட்டிக்கொண்டு வடக்கே போய் டவுன்பேட்ரிக்கைப் பிடித்தார், அப்புறம் அல்ஸ்டரில் ஒரு குட்டி அரசர் மாதிரியே இருந்தார். மேன் தீவு அரசரின் மகளைக் கட்டினார், கேரிக்பெர்கஸில் கோட்டை கட்டினார், தன் பெயரைப் போட்டு நாணயம்கூட அடித்தார். 1185க்குப் பிறகு சில காலம் அவரும் ஆளுநராக இருந்தார். தைரியத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் ஒரு மூலையைப் பிடிப்பதும் தீவையே நிர்வகிப்பதும் வேறு வேறு வேலை.

இனி டி லேசி. என்னைக் கேட்டால் இந்த நால்வரில் ஆளத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். பார்க்க அழகானவர் இல்லை. குள்ளம், கறுத்த நிறம், குழி விழுந்த கண்கள், சப்பை மூக்கு, வலது கன்னத்தில் தாடை வரை தீக்காயத் தழும்பு என்று ஜெரால்டு அங்கம் அங்கமாக எழுதி வைத்திருக்கிறார். பேராசைக்காரர், பெண் விஷயத்தில் மோசம் என்றும் சேர்க்கிறார். ஆனால் வேலையில் கண்ணும் கருத்துமானவர் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

1172இல் ஹென்றி மீத் பகுதி முழுவதையும் 50 வீரர் சேவைக்கு இவருக்குக் கொடுத்தார், டப்ளினைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்து. காரணம் வெளிப்படை. ஸ்ட்ராங்போவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெரிய ஆளை உட்கார வைப்பது. ஆரம்பமே ரத்தத்தில்தான். அத்பாய் அருகே ஒரு குன்றில் டைர்னன் ஓ’ரூர்க் என்ற ஐரிஷ் அரசரோடு பேச்சுவார்த்தைக்குப் போனார், ஓ’ரூர்க் பிணமானார், தலை டப்ளின் வாசலில் தொங்கியது. ஓ’ரூர்க் தான் முதலில் கோடரியை வீசினார், டி லேசி பின்வாங்கும்போது இரண்டு முறை விழுந்து எழுந்தார் என்பது ஜெரால்டின் கதை. துரோகத்தால் கொன்றார்கள் என்பது ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளின் கதை. எது உண்மையாக இருந்தாலும் லாபம் டி லேசிக்கு.

ஆனால் அதோடு நிற்காததுதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. 1177இல் ஆளுநரானதும், சண்டையில் விரட்டப்பட்ட ஐரிஷ் குடியானவர்களைத் திரும்பக் கூப்பிட்டு நிலத்தில் உட்கார வைத்தார். ஆள் இல்லாத வயலில் வரி எங்கிருந்து வரும்? கூடவே வரிசையாகக் கோட்டைகள். ட்ரிமில் முதலில் போட்டது மண்ணும் மரமும். 1174இல் கானக்ட் அரசர் ரோரி ஓ’கானர் படையோடு வர, காவலுக்கு இருந்தவர் கோட்டையைக் கைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அதே இடத்தில் பிறகு எழுந்த கல்கோட்டையின் நடுக் கோபுரம் சிலுவை வடிவில் 20 மூலைகளோடு இன்றும் நிற்கிறது. கட்டி முடிக்க ஏறக்குறைய முப்பது வருடம், முடித்தது மகன் வால்டர்.

1180 வாக்கில் அதே ரோரியின் மகள் ரோஸை, மன்னரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டார். ஸ்ட்ராங்போவுக்குக் கல்யாணம் நிலம் கொண்டுவந்தது, டி கோர்சிக்குக் கப்பல் பலம், டி லேசிக்குச் சந்தேகம். வேலியே பயிரை மேயப்போகிறது என்று ஹென்றிக்குத் தோன்றிவிட்டது. 1181இல் திருப்பி அழைத்தார், வேறு இருவரை அனுப்பினார். அந்த வருடக் குளிர்காலத்துக்குள் டி லேசியையே மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று, கண்காணிக்க ஒரு பாதிரியாரைத் துணைக்குச் சேர்த்து. வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1185இல் மன்னரின் கடைக்குட்டி ஜான் வந்தான், வரவேற்க வந்த ஐரிஷ் தலைவர்களின் தாடியைப் பிடித்து இழுத்து அவனும் அவன் நண்பர்களும் சிரித்தார்கள், காரியம் கெட்டதும் டி லேசிதான் கப்பம் வரவிடாமல் தடுக்கிறார் என்று அப்பாவிடம் புகார் சொன்னான்.

டி லேசி நிஜமாகவே முடிசூட நினைத்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமனார் பேரைச் சொன்னால் பாதிச் சண்டை குறையும் என்று கணக்குப் போட்டிருப்பார். ஆனால் ஹென்றி இடத்தில் இருந்தால் நானும் பயந்திருப்பேன்.

1186 ஜூலையில் டரோவில், புனித கொலம்பாவின் மடத்து இடத்தில் கட்டிக்கொண்டிருந்த கோட்டையைப் பார்வையிடப் போனபோது, உடைக்குள் கோடரியை மறைத்து வந்த ஓர் ஐரிஷ் இளைஞன் ஒரே வெட்டில் டி லேசியின் தலையைத் துண்டித்தான். தலையும் உடலும் கோட்டை அகழியில் விழுந்தன, அவன் ஓடிக் காட்டுக்குள் மறைந்துவிட்டான். செய்தி கேட்டு ஹென்றி மகிழ்ந்தார் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் அல்ஸ்டரில் டி கோர்சியைக் கவிழ்த்து 1205இல் அங்கே பிரபுவானதும் டி லேசியின் இன்னொரு மகன், அவன் பெயரும் ஹியூதான்.

கொலையுண்ட டி லேசியின் உடல் ஒன்பது வருடம் கழித்துத்தான் நார்மன்கள், அதாவது இங்கிலாந்திலிருந்து வந்த அவர் தரப்பினர், கைக்கு வந்தது. உடல் பெக்டிவ் மடத்துக்கு, தலை டப்ளினின் புனித தாமஸ் மடத்துக்கு என்று பிரிந்துபோக, இரண்டு மடங்களும் வழக்காடின. 1205இல் தீர்ப்பு டப்ளினுக்குச் சாதகமானது, உடல் தலையோடு போய்ச் சேர்ந்தது. அந்த மடத்தை 1177இல் மன்னர் பெயரில் நிறுவியவர், ஜெரால்டு அவ்வளவு திட்டிய ஃபிட்ஸ் ஆல்டெல்ம்.