படியில்லாத பஸ்

அம்மாவுக்கு 74 வயது. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. எங்கே கிளம்பினாலும் அவள் முதலில் கேட்பது "படி எத்தனை கண்ணு?" என்றுதான். இரண்டு வருடம் முன்பு சேலம் பக்கம் ஊருக்குப் போயிருந்தோம். ஒரு டவுன் பஸ்ஸில் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நிற்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் நின்ற ஒரு பெண் தாங்கிப் பிடித்ததால் தப்பித்தாள். அன்றோடு பஸ் ஆசை போயிற்று.

அப்படிப்பட்ட அம்மாவை வாரம் மூன்று நாள், நான்கு மாதம், அகமதாபாத் மணிநகரிலிருந்து ஷிவரஞ்சனி பக்கம் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. ஆட்டோவில் போய் வந்தால் சிகிச்சைச் செலவை ஆட்டோச் செலவு முந்திவிடும். அதனால் ஜன்மார்க் பஸ். ஜன்மார்க் என்றால் மக்கள் பாதை. ஆனால் இங்கே யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை, பிஆர்டிஎஸ்தான், அதாவது தனித் தடத்தில் ஓடும் விரைவு பஸ். போக வர என்று கணக்குப் போட்டால் நூறு தடவை ஏறி இறங்கியிருப்போம். அந்த நூறு தடவையை வைத்துச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மணிநகரில். தாத்தா துணி மில் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவர். மில்கள் மூடின, நாங்கள் தங்கிவிட்டோம். தமிழ்நாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: "பஸ் ஸ்டாப்பைக் கொண்டுபோய் எதுக்கு நடு ரோட்டில் வெச்சிருக்காங்க?"

காரணம் இருக்கிறது. சாலையின் நடுவில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடங்களைத் தடுப்பு வைத்துப் பிரித்து, பஸ்ஸுக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள். ஓரத்தில் விட்டிருந்தால் தள்ளுவண்டி, நிறுத்திய கார், கடைக்குச் சரக்கு இறக்கும் டெம்போ எல்லாம் அதில்தான் நிற்கும். நடுவில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு தடங்களுக்கும் இடையில் நிலையம். அதனால் இந்த பஸ்களுக்குக் கதவு வலது பக்கம். முதல் தடவை வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் இடது பக்கம் திரும்பி நிற்பதைப் பார்க்கலாம். டிரைவர் உட்காருவதும் வலது பக்கம்தானே, நிலைய மேடை அவர் கண்ணுக்கு நேராக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஒட்டி நிறுத்தலாம்.

இனி அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். படி எத்தனை? பஸ்ஸில் ஏற ஒரு படியும் இல்லை. நிலையத்தின் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே உயரம். வீட்டில் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதுபோல நடந்து உள்ளே போகலாம். சாலையிலிருந்து நிலையத்துக்குள் போகவும் சரிவுப் பாதைதான். முதல் நாள் அம்மா கதவருகில் போனதும் வழக்கம்போலப் புடவையைத் தூக்கிப் பிடித்து, இடது காலை உயர்த்தி, ஏறுவதற்கு எதுவும் இல்லாமல் அப்படியே நின்றாள். பின்னால் இருந்த பையன் "சலோ மாஜி" என்றான். உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நல்ல விஷயம், டிக்கெட்டை நிலையத்திலேயே வாங்கிவிடுகிறோம். கவுன்ட்டரில் இடத்தின் பெயரைச் சொன்னால் சீட்டு. ஜன்மித்ரா என்று ஒரு கார்டும் உண்டு. பஸ்ஸுக்குள் கண்டக்டர் கிடையாது. "முன்னாடி போங்க, சில்லறை குடுங்க" சத்தம் இல்லை, விசில் இல்லை. எல்லோரும் சீட்டோடு தயாராக நிற்பதால் பஸ் நின்றதும் ஏறலாம், உடனே கிளம்பிவிடலாம். தனித் தடம் மிச்சப்படுத்தும் நேரத்துக்குக் குறையாமல் இதுவும் மிச்சப்படுத்தும் என்று நினைக்கிறேன். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஷிவரஞ்சனி வரை போக இரண்டு பேருக்கு ஆவதைச் சொன்னால் ஆட்டோக்காரர் சிரிப்பார்.

வழியில் தாணிலிம்டா, அப்புறம் சாபர்மதிப் பாலம், அஞ்சலி, தரணிதர், ஷிவரஞ்சனி. அம்மா குஜராத்தி நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. தலைக்கோடு இல்லாத அந்த எழுத்து அவளுக்கு இன்னும் கோலம்தான். ஆறு வந்தால் பாதி தூரம், அஞ்சலி மேம்பாலம் வந்தால் பையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய வரைபடம் அவ்வளவுதான்.

பழைய கதை கொஞ்சம். 2009 அக்டோபரில் ஆர்டிஓ சர்க்கிளிலிருந்து பிரானா வரை பன்னிரண்டரை கிலோமீட்டர் தூரத்துக்கு முதலில் திறந்தார்கள். மாநகராட்சியின் திட்டம், வடிவமைப்பில் உதவியது இங்கேயே இருக்கும் செப்ட் பல்கலைக்கழகம். அடுத்த வருடமே, 2010இல், நீடித்த போக்குவரத்துக்கான (சஸ்டெய்னபிள் டிரான்ஸ்போர்ட்) சர்வதேச விருது இந்த ஊருக்குக் கிடைத்தது. அகமதாபாத்தில் திறப்பதற்கு ஒரு வருடம் முன்னதாக, 2008இல், டெல்லியும் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை இதேபோல் ஒன்று தொடங்கியது. 5.8 கிலோமீட்டர். 2016இல் அதை இடித்தே விட்டார்கள். அங்கே சாதாரண பஸ்களையே தடத்தில் விட்டார்கள். திறந்த நிறுத்தம், உள்ளே கண்டக்டர். காரில் போகிறவர்களுக்குத் தங்கள் சாலையைப் பிடுங்கியதுதான் தெரிந்தது, பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை. போபாலில் 2024இல் தடத்தைப் பிரிக்கத் தொடங்கினார்கள், 2025இல் இந்தூரும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆனால் அகமதாபாத்தில் இன்னும் ஓடுகிறது. மூடிய நிலையம், சமமான தரை, முன்கூட்டிய டிக்கெட் மூன்றையும் சேர்த்துச் செய்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு. நிபுணர்கள் வேறு சொல்லலாம். நான் முழங்காலை வைத்துப் பேசுகிறேன்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். 2016 மே மாதம் இந்த ஊரில் 48 டிகிரி அடித்தது. மே மாதத்து மதியம் பஸ்ஸுக்குக் காத்திருப்பது தண்டனை மாதிரி. இந்த நிலையங்களுக்குக் கூரை அகலம், இரண்டு பக்கமும் காற்று புகும். 2019 முதல் மின்சார பஸ்கள் வரத் தொடங்கின, சத்தமில்லாமல் வந்து நிற்கின்றன, உள்ளே ஏசி. பட்டம் விடும் உத்தராயண நாட்களில் இன்னொரு நிம்மதி. ஜனவரியில் பட்டத்து மாஞ்சா கழுத்தை அறுத்துவிடும் என்று ஸ்கூட்டர்காரர்கள் முன்னால் கம்பி வளையம் கட்டிக்கொண்டு போவார்கள். பஸ்ஸில் அந்தப் பயம் இல்லை, ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கலாம்.

மெட்ரோ வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 2022இல் தல்தேஜ் வரையும் மோட்டேரா வரையும் ஓடத் தொடங்கியது. நல்ல வண்டி, லிஃப்ட் உண்டு. ஆனால் ஷிவரஞ்சனிக்குப் போகாது. கதை முடிந்தது.

இனி குறை. பஸ்ஸுக்குள் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெரியும், ஆனால் அது எந்த ஊர் பஸ்ஸிலும் உள்ளதுதான். பழைய நகரத்துக்குள், ஆஸ்டோடியா, ராய்ப்பூர் தர்வாஜா பக்கம், தெரு குறுகலானது. அங்கே இந்த பஸ்ஸும் மற்ற வண்டிகளோடுதான் ஊர்ந்தாக வேண்டும். கோட்டைச் சுவருக்குள் தனித் தடத்துக்கு எங்கே போவது?

பாடு எல்லாம் பஸ்ஸுக்கு வெளியேதான். நடு ரோட்டில் நிலையம் வைத்தால் எந்த ஊரிலும் பாதிச் சாலையைக் கடந்துதான் அதை அடைய வேண்டும். ஆட்கள் கடக்க வரிக்கோடு போட்டிருக்கிறது, சிக்னல் இருக்கிறது. ஆனால் வரிக்கோட்டில் நிற்கும் கிழவியைப் பார்த்து வேகம் குறைக்கும் ஸ்கூட்டர்காரரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். இளைஞர்கள் இரண்டு எட்டில் கடந்துவிடுவார்கள். அம்மாவுக்கு அந்தத் தூரம் இரண்டு நிமிடம். இரண்டாவது வாரம் ஒருவன் செல்போனில் பேசிக்கொண்டே வந்து அம்மாவின் கைப்பையைத் தட்டிவிட்டுப் போனான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிபன் பாக்ஸ் திறந்து தயிர் சாதம் முழுக்க வரிக்கோட்டில். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவன். அன்று சிகிச்சையின்போது அம்மாவுக்கு முழங்காலைவிடக் கைதான் அதிகம் நடுங்கியது.

படியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு சாலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குக் கோபத்தில் சொன்னேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. நடைமேம்பாலம் கட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது போல. நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்கி, அப்புறம் படியில்லாத பஸ்ஸில் ஏறுவதா? வரிக்கோட்டைக் கொஞ்சம் உயர்த்தி மேடாக்கினால் வண்டி தானாக வேகம் குறையும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு என் யோசனை: காலை பதினோரு மணிக்கு மேல், மாலை நான்கு மணிக்குள் போய் வந்துவிடுங்கள், உட்கார இடம் கிடைக்கும். இறங்கியதும் அவசரப்படாமல் நிலையத்து வாசலிலேயே நில்லுங்கள். நாலு பேர் சேர்ந்த பிறகு கும்பலாகக் கடந்தால் வண்டிகள் நிற்கும். கும்பலுக்கு அம்மா காத்திருப்பதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பழைய கறுப்புக் குடை ஒன்றைக் கொண்டுவரத் தொடங்கினாள். வரிக்கோட்டின் முனையில் நின்று, மடக்கிய குடையைப் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி சாலைக்குக் குறுக்கே நீட்டிப் பிடிப்பாள். முதல் ஸ்கூட்டர் நின்றதும் "வா கண்ணு" என்று எனக்கு முன்னால் நடந்துவிடுவாள்.