நாய்க்குட்டி வியாபாரம்: பணத்தைத் திருப்பு, கடையை மூடு, தாயைக் காட்டு. எது வேலை செய்கிறது?

நாய்க்குட்டி விற்பனையில் அடிபடுவது இரண்டு தரப்பு. வாங்கிய குட்டியை ஒரே வாரத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய்க்குப் பறிகொடுக்கிற குடும்பம் ஒன்று. எங்கோ ஒரு கொட்டகையில் ஈற்றுக்கு மேல் ஈற்றாகக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் தாய் நாய் மற்றொன்று. இதைச் சரிசெய்ய வந்த சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், எது எந்தத் தரப்புக்காக எழுதப்பட்டது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

முதலில் பணத்தைத் திருப்பித் தரும் வழி. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது உண்டு. ஃபுளோரிடாவில், வாங்கிய 14 நாளுக்குள் குட்டிக்கு நோய் என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால், வாங்கியவர் குட்டியைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். வேறு குட்டி வாங்கிக்கொள்ளலாம். அல்லது அதையே வைத்துக்கொண்டு, கொடுத்த விலை அளவுக்கு மருத்துவச் செலவைக் கேட்கலாம். பிறவிக் கோளாறு என்றால் ஓராண்டு அவகாசம். தொற்றிய சில நாட்களிலேயே பார்வோவின் அறிகுறி தெரிய ஆரம்பிப்பதால், 14 நாள் நியாயமான கணக்குதான்.

ஆனால் பிள்ளைகள் பெயர் வைத்து, மடியில் தூங்கவைத்த குட்டியை யார் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பார்கள்? விற்பவருக்கும் இது தெரியும். திரும்பி வரும் ஒன்றிரண்டை வியாபாரச் செலவில் எழுதிவிடுவார். மாற்றாக அவர் கொடுக்கும் குட்டியும் அதே கொட்டகையிலிருந்துதான் வரும். வாங்கியவர் கணக்கு நேராகிவிடுகிறது, தாய் நாயின் கணக்கில் இன்னும் ஒரு ஈற்று ஏறுகிறது.

அடுத்தது உரிமம். அமெரிக்க மத்திய அரசின் 1966-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ், நான்கு பெண் நாய்களுக்கு மேல் வைத்து மொத்த விற்பனைக்குக் குட்டி எடுப்பவர் வேளாண் துறையின் உரிமம் பெற வேண்டும். கூண்டின் அளவுக்கும் விதி இருக்கிறது: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, ஆறு அங்குலம் கூட்டி, அந்த நீள அகலத்துக்கு ஒரு சதுரம். தலைக்கு மேல் ஆறு அங்குலம். ஒரு நாய் தன் ஆயுளில் பெரும்பகுதியை அதற்குள் கழித்தாலும் சட்டப்படி குற்றம் இல்லை. ‘அரசு உரிமம் பெற்ற பண்ணையின் குட்டி’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அந்த உண்மையால் நாய்க்கு என்ன லாபம்?

மூன்றாவது, கடையில் விற்கவே கூடாது என்பது. கலிஃபோர்னியா 2019-இல் இதைத் தொடங்கியது: காப்பகத்திலிருந்தோ மீட்பு அமைப்பிலிருந்தோ வந்த நாய், பூனை, முயல்களை மட்டுமே கடைகள் விற்கலாம் என்றது. உடனே ‘மீட்பு அமைப்பு’ என்று பலகை மாட்டிக்கொண்டு பண்ணைக் குட்டிகளை அனுப்பும் ஏற்பாடுகள் முளைத்தன. அப்படிச் செய்ததாகச் சில அமைப்புகள் மீது அயோவா மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) 2019-இல் வழக்கே போட்டார். கலிஃபோர்னியா மறுபடி சட்டத்தை இறுக்கியது. நியூயார்க்கில் 2024 டிசம்பரில் கடை விற்பனைத் தடை அமலுக்கு வந்தது.

எனக்கு இதில் ஒரு குறை உறுத்துகிறது. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு முகவரி, சண்டை போட ஒரு ஆள் உண்டு. அது மூடியதும் வியாபாரம் இணைய விளம்பரத்துக்கும் இடைத்தரகர்களுக்கும் போனது. 2025-இல் கலிஃபோர்னியா தரகர்களைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இப்போது இங்கிலாந்து. வேல்ஸில் ஒரு பண்ணையிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்ற கவாலியர் ஸ்பேனியல் நாயின் பெயரில் வந்த சட்டம், 2020 ஏப்ரல் 6 முதல் அமலில் இருக்கிறது. கூண்டிலேயே கிடந்ததில் லூசியின் இடுப்பு இறுகிப்போயிருந்தது. இந்தச் சட்டம் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை மூன்றாம் நபர் விற்கக் கூடாது என்கிறது. ஒன்று வளர்ப்பவரிடமே நேரில் வாங்க வேண்டும், இல்லையென்றால் காப்பகத்தில் தத்தெடுக்க வேண்டும். குட்டி பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

என் ஓட்டு இதற்குத்தான். மற்ற வழிகளில் அதிகாரி வந்து பார்க்க வேண்டும், அல்லது குட்டி நோயில் விழ வேண்டும். இங்கே பணம் கைமாறும் முன்பே வாங்குபவர் கொட்டகைக்குள் நுழைந்துவிடுகிறார். தாயின் முலைக்காம்பு, எடை, மிரட்சி எல்லாம் கண்ணில் படும். ஓட்டை இல்லாமல் இல்லை. வாடகை வீட்டில் வேறொரு பெட்டை நாயை ‘அம்மா’ என்று உட்கார வைக்கும் ஆட்கள் அங்கும் உண்டு. ஆனால் தன் குட்டிக்குப் பாலூட்டும் நாயையும், பக்கத்தில் நிறுத்தி வைத்த நாயையும் பத்து நிமிடம் நின்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

நம் ஊர்க் கதை தனி. எழுத்தில் நாம் பின்தங்கவில்லை. 2017-இல் வந்த மத்திய விதிகள் நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பெண் நாயை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன. 2018-இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கும் விதி வந்தது. சரி, மீறினால் என்ன? இவற்றுக்குத் தாயான 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில், விதிமீறலுக்கான அபராதத்தின் உச்சம் 100 ரூபாய். மூன்று மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. ஆனாலும் ஒரு லாப்ரடார் குட்டியின் விலைக்கு முன்னால் அந்த நூறு ரூபாய் யாரைப் பயமுறுத்தும்?

பணத்தைத் திரும்பப் பெற இங்கே நாய்க்கென்று தனிச் சட்டம் கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கையில் பில் இருந்தால். குட்டியோ பெரும்பாலும் பில் இல்லாமல்தான் வருகிறது. “கேசிஐ பேப்பரோட வேணுமா, இல்லாமலா? இல்லாம வாங்கினா ரேட் கம்மி” என்பார்கள். கேசிஐ என்பது இந்திய கென்னல் கிளப். அது தரும் அந்தப் பேப்பர் வம்சாவளிக்குத்தான் சான்று, உடல்நலத்துக்கு இல்லை.

தமிழ்நாட்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கடைத் தடையைவிட இங்கிலாந்தின் அந்த ஒற்றை நிபந்தனையை எடுப்பேன். கூடவே ஃபுளோரிடாவின் 14 நாளையும். சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. “அம்மாவைப் பார்க்கணும், நானே வந்து வாங்கிக்கிறேன், பதிவு எண்ணைப் போட்டு பில் கொடுங்க” என்று போனில் சொல்லிப் பாருங்கள். “பஸ்ல ஏத்தி விட்டுடறேன் சார்” என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.