ஆர்எக்ஸ் 100: பெயின்ட்டைப் பார்க்கும் முன் ரீட் வால்வைப் பாருங்கள்

சித்தப்பா 1994-ல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் இருக்கிறது. நான்கு வருடமாக ஓட்டுகிறேன். இந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் சைலன்சர் சத்தத்தையும் பிக்கப்பையும்தான் பேசுவார்கள், ஆனால் அந்தப் பிக்கப்பில் பெரிய பங்கு எதற்கு என்றால் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒளிந்திருக்கும், உள்ளங்கைக்குள் அடங்குகிற ரீட் வால்வுக்கு.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஹெட்டுக்குள் காளான் மாதிரி இரண்டு வால்வு, அதை அழுத்த ராக்கர், கேம், டைமிங் செயின், திரும்ப இழுக்க ஸ்பிரிங் என்று ஒரு பட்டாளமே இருக்கும், அவ்வப்போது டேப்பட் செட்டிங் வேறு பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக், அதில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஹெட்டைக் கழற்றினால் பிளக் மாட்டும் ஓட்டை மட்டும்தான். சிலிண்டர் சுவரில் இருக்கும் துவாரங்களை பிஸ்டனே மூடித் திறந்துகொள்கிறது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே வரும் வழியில் மட்டும் ரீட் வால்வு காவலுக்கு நிற்கிறது: கூம்பிய ஒரு பிளாக், அதன் சரிவில் மெல்லிய எஃகுத் தகடுகள், அவை அளவுக்கு மேல் வளையாமல் இருக்க ஒரு ஸ்டாப்பர். பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியில் இருக்கும் கிராங்க் கேஸ் அறை உறிஞ்சும், தகடு வளைந்து வழிவிடும். பிஸ்டன் இறங்கும்போது அழுத்தம் ஏறும், தகடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். 7500 ஆர்பிஎம்மில் இது வினாடிக்கு 125 முறை நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது உண்மையிலேயே மலைத்துப்போனேன்.

இதன் அருமை மற்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய எஸ்டி (Yezdi) பைக்கில் கலவை உள்ளே வரும் இன்லெட் துவாரத்தையும் பிஸ்டன்தான் திறந்து மூடும், அதனால் பிஸ்டன் உச்சிக்குப் போகும்முன் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ, உச்சியைத் தாண்டி இறங்கும்போதும் அவ்வளவு நேரம் திறந்தே இருக்கும், மெதுவாக ஓட்டும்போது வந்த கலவையில் கொஞ்சம் கார்புரேட்டருக்கே திரும்பிப் போகும். பழைய பஜாஜ் சேத்தக்கில் கிராங்க் வட்டே சுழன்று வால்வு வேலை செய்யும். அழகான யோசனைதான், ஆனால் அந்த வட்டுக்கும் கேஸுக்கும் நடுவில் அடைப்பாக இருப்பது ஒரு ஆயில் படலம் மட்டும். அங்கே கீறல் விழுந்தால் கேஸையே மாற்றும் நிலை வந்துவிடும். ரீட் வால்வில் கோளாறு என்றால் அரை மணி நேர வேலை.

என் வண்டியில் போன வருடம் அந்த நாள் வந்தது. காலையில் நாலைந்து உதை, ஐட்லிங் நிற்காது, ஏர் ஃபில்டரில் பெட்ரோல் ஈரம். முப்பது வருடம் உழைத்த தகடு, குறை சொல்ல முடியாது. அவசரத்தில் ஒரு கடையில் டூப்ளிகேட் செட் வாங்கி மாட்டினேன், ஒரு வாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை. பட்டறை அண்ணன் அதைக் கழற்றி, "தம்பி, வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாரு" என்றார். தகட்டு ஓரத்தில் நூல் மாதிரி வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் ஒரிஜினல் செட்டைத் தேடிப்பிடித்தேன், விலை மூன்று மடங்கு. ஸ்டாப்பர் ஸ்குரூவில் அவர் லாக்டைட் என்ற, ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் பசையைத் தடவினார், ஏனென்றால் அது கழன்று விழுந்தால் போய்ச் சேரும் இடம் எஞ்சினுக்குள்தான்.

மாற்றியபின் சிறுமலைக்கு ஏற்றினேன். திண்டுக்கல்காரர்களுக்குத் தெரியும், 18 கொண்டை ஊசி வளைவு. முன்பு ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியருக்கு இறக்கியும் திணறும் வண்டி, இப்போது வளைவு முடிந்து ஆக்சிலேட்டரைத் திருப்பிய கையோடு முறுக்காக எழுகிறது. 98 சிசி, 11 குதிரைத்திறன், வண்டி எடையோ சுமார் 100 கிலோதான். அந்த இழுவையை இன்றைய 125 சிசி வண்டிகள் பலவற்றில் நான் உணர்ந்ததில்லை.

கார்பன் ஃபைபர் தகடும் கிடைக்கிறது. எடை குறைவு, அதிக ஆர்பிஎம்மில் சட்டென்று மூடும். நண்பன் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன், நெடுஞ்சாலையில் நன்றாக இருந்தது, ஆனால் ஊருக்குள் பஸ் ஸ்டாண்டு பக்கம் உருட்டிக்கொண்டு போகும்போது எஃகுத் தகட்டின் மென்மை அதில் இல்லை. எனக்கு எஃகே போதும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ரீட் வால்வு காப்பது உள்ளே வரும் வழியை மட்டும்தான். எக்ஸாஸ்ட் துவாரத்துக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை, எரியாத கலவையில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. எனக்கு லிட்டருக்கு 35 கிலோமீட்டர் வந்தால் பெரிது, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயில் செலவு தனி. 1996-க்குப் பிறகு இந்த மாடல் வரவில்லை, புகைக் கட்டுப்பாடு இறுக இறுக டூ ஸ்ட்ரோக் பைக்குகளே போய்விட்டன.

இப்போது விற்பனைக்கு வரும் ஆர்எக்ஸ்களுக்குப் பெயின்ட்டும் குரோமும் பளபளவென்று இருக்கின்றன, விலையும் அதற்கேற்ப. வாங்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், கார்புரேட்டரைக் கழற்றி அந்த பிளாக்கை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தாலோ தகடு விரிசல் விட்டிருந்தாலோ வாங்காமல் வர வேண்டியதில்லை, ஒரிஜினல் செட்டின் விலையை வண்டி விலையில் கழித்துக் கேளுங்கள்.