மொட்டை மாடிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று: நெபுலா பிடிக்க எந்தக் கருவி?

ஜனவரி நடுவில், அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவு. ஜவ்வாது மலையில் காவலூருக்குக் கொஞ்சம் தள்ளி, சாமை அறுத்துக் காலியாகக் கிடந்த ஒரு நிலம். நண்பர் தன் சீஸ்டார் எஸ்50 என்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்பைத் தரையில் நிறுத்தி, போனில் ‘ஓரியன் நெபுலா’ என்ற வாயு மேகத்தைத் தொட்டார். அது தலையைத் தூக்கி, வானத்தை ஒரு படமெடுத்து, தனக்குள் இருக்கும் நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, தானே திரும்பி நின்றது. நான் அப்போதுதான் ட்ரைபாடுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமராவை வானத்தோடு திருப்பும் என் ட்ராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். அதுவோ புளியமரத்துக்குப் பின்னால் இருந்தது.

இடம் மாற்றி, மறுபடி மட்டம் பார்த்து, நாற்பது நிமிடம் கழித்து நான் முதல் படத்தை எடுத்தபோது, அவர் போனில் நெபுலாவின் இரண்டு சிறகும் சிவந்து விரிந்திருந்தன. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அந்த ஒரு இரவை வைத்து யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

போட்டியில் இருப்பவை மூன்று. ஒன்று, சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப். 2023-இல் வந்த எஸ்50-க்கு ஒளி நுழையும் வாய் 50 மி.மீ., 250 மி.மீ. குவியத்தூரம், 2 மெகாபிக்சல் சென்சார். மோட்டார், பேட்டரி, கணினி எல்லாம் ஒரே பெட்டிக்குள். இரண்டு, கையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர், ஒரு 135 அல்லது 200 மி.மீ. லென்ஸ், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் ஸ்டார் ட்ராக்கர். மூன்று, முழு செட்: கனமான ஈக்வடோரியல் மவுண்ட் (துருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சில் திரும்பும் தாங்கி), டெலஸ்கோப், குளிரூட்டிய கேமரா, வழிகாட்ட இன்னொரு சின்ன கேமரா, லேப்டாப், இதற்கெல்லாம் மின்சாரம் கொடுக்க ஒரு பேட்டரி.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரே பெரிய எக்ஸ்போஷர் எடுப்பதில்லை. 10 விநாடி, 60 விநாடி, 3 நிமிடம் என்று நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். இரைச்சலோடு (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் கறை) ஒப்பிட்டால் படத்தின் தெளிவு நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். ஒரு மணி நேரப் படத்தைவிட இரண்டு மடங்கு சுத்தமான படம் வேண்டுமென்றால் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். சீஸ்டார் இந்த அடுக்கும் வேலையைக் களத்திலேயே செய்து காட்டிவிடும். மற்ற இரண்டிலும் வீட்டுக்கு வந்து சிரில் போன்ற இலவச மென்பொருளில் நாமே செய்ய வேண்டும். இரண்டு மூன்று இரவு அதற்கே போகும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எங்கிருந்து, எதை? சென்னை மொட்டை மாடியிலிருந்து என்றால் பதில் சுலபம். ஓரியன், ரோசெட், லகூன், கரைனா இவையெல்லாம் உமிழ்வு நெபுலாக்கள், அதாவது தானே ஒளிரும் வாயு மேகங்கள். இவற்றின் ஒளி பெரும்பாலும் சில குறிப்பிட்ட அலைநீளங்களில்தான் வருகிறது: ஹைட்ரஜனின் சிவப்பு 656 நானோமீட்டரில், ஆக்சிஜனின் நீலப்பச்சை 500-க்கு அருகில். அந்த இரண்டு ஜன்னலை மட்டும் திறந்துவைத்து மிச்சத்தை அடைக்கும் டூயல்-பேண்ட் ஃபில்டர் சீஸ்டாருக்குள்ளேயே இருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். வடபழனி மாடியில் என் நண்பர் எடுத்த ரோசெட்டைப் பார்த்தபோது, இதே இடத்திலிருந்து என் டிஎஸ்எல்ஆரில் கிடைத்த ஆரஞ்சுக் கஞ்சிதான் நினைவுக்கு வந்தது.

டிஎஸ்எல்ஆருக்கு இதில் இன்னொரு இடி உண்டு. மனிதத் தோல் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் சென்சார் முன்னால் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். அந்த 656 நானோமீட்டர் சிவப்பில் கால்வாசி அளவுதான் அதைத் தாண்டி உள்ளே போகும். கேனனின் 60டிஏ, நிக்கானின் டி810ஏ போன்றவை வானத்துக்கென்றே அந்த ஃபில்டரை மாற்றி வந்த கேமராக்கள். பழைய கேமராவைக் கழற்றி மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். மாற்றாத கேமராவில் குதிரைத்தலை நெபுலாவை எடுத்தால், குதிரை நிற்கும் சிவப்புத் திரை வெளுத்துப் போயிருக்கும்.

கேலக்ஸி என்றால் கதை மாறுகிறது. அதன் ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி. எல்லா அலைநீளத்திலும் பரவிக் கிடக்கிறது. எந்த ஃபில்டராலும் அதைத் தெருவிளக்கிலிருந்து முழுதாகப் பிரித்துத் தர முடியாது. இங்கே பணத்தைவிட பெட்ரோல்தான் உதவும். இருட்டைத் தேடிப் போகத்தான் வேண்டும்.

இருட்டுக்குப் போனபிறகு நம் அட்சரேகை வேலையைக் காட்டும். துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எவ்வளவு உயரம் என்பது நாம் இருக்கும் அட்சரேகைதான். ஜவ்வாது மலையில் அது சுமார் 12.5 டிகிரி. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதற்குக் கொஞ்சம் மேலே. ஐரோப்பியர்களுக்கு அது பாதி வானத்தில் நிற்கிறது. நமக்கு மரம், மாடி, மூட்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒளிந்துகொள்கிறது. போதாததற்கு, கனமான மவுண்டை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது எடைக்கல் தண்டு ட்ரைபாட் காலில் இடிக்கப் பார்க்கும். வெளிநாட்டு வீடியோக்களில் இந்தத் தொல்லையை அதிகம் பார்க்க முடியாது. துருவம் தெரியாவிட்டாலும் மென்பொருள் துணையோடு சரிசெய்ய வழி உண்டு. அதற்கு லேப்டாப் வேண்டும், அதாவது மூன்றாவது வகைக்கு நழுவுகிறோம்.

சீஸ்டாருக்குத் துருவமே வேண்டாம். பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் திரும்பியே பின்தொடரும். ஆனால் அப்படிப் பின்தொடரும்போது படம் மெல்லச் சுழலும். ஓரியன் நெபுலா நமக்கு 72 டிகிரி உயரம்வரை ஏறும். அது உச்சியில் இருக்கும்போது படம் மணிக்கு 47 டிகிரி வேகத்தில் சுழலும். 10 விநாடிப் படத்துக்கு அது பரவாயில்லை, நீளமான எக்ஸ்போஷருக்கு ஆகாது, அடுக்கிய படத்தின் ஓரங்களும் வீணாகும். 2025-இல் வந்த மென்பொருள் மாற்றத்தால் சீஸ்டாரையும் துருவம் நோக்கிச் சாய்த்துவைக்க முடிகிறது. அப்படிச் செய்தால் புளியமரப் பிரச்சினை அவருக்கும் வந்துவிடும் என்று நான் சொன்னபோது நண்பர் சிரிக்கவில்லை.

சரி, படத்தில் வித்தியாசம் என்ன? பரப்புதான். சீஸ்டாரின் சட்டகம் சுமாராக 1.3 x 0.7 டிகிரி. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியே 3 டிகிரி நீளம். துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். சாதாரண ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் போட்டால் 6 x 4 டிகிரி கிடைக்கும், ஆண்ட்ரோமெடா நடுவில் தாராளமாக உட்காரும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள தூசியும் அப்படித்தான். பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்ட 2 மெகாபிக்சல் பற்றாது, 24 பற்றும்.

சின்ன கேலக்ஸிகளுக்கு வந்தால் இரண்டும் தோற்கும். எம்51 சுழல் கேலக்ஸி 11 ஆர்க்மினிட் (60 சேர்ந்தால் ஒரு டிகிரி), நிலாவில் மூன்றில் ஒரு பங்கு. சீஸ்டாரில் அது 275 பிக்சல் அகலம், என் லென்ஸில் 170. 8 அங்குல எஃப்/5 நியூட்டோனியன் என்ற கண்ணாடி டெலஸ்கோப்பில் 1000 மி.மீ. குவியத்தூரம், அங்கே அதே எம்51 சுமார் 850 பிக்சல். வாயின் பரப்பும் 50 மி.மீ.யைப்போல 16 மடங்கு. சுழலின் கையும், அதைப் பிடித்து இழுக்கும் துணைக் கேலக்ஸியும் அப்போதுதான் உருவமாகத் தெரியும். கேலக்ஸி பருவம் மார்ச் முதல் மே வரை. கன்னி ராசிக் கேலக்ஸிக் கூட்டம் நமக்குக் கிட்டத்தட்ட நேர் உச்சியில் கடக்கிறது. காற்றின் தடிமன் மிகக் குறைவான இடம். ஆனால் அந்த மாதங்களில் நள்ளிரவிலும் புழுக்கம். சென்சார் சூடு 6 டிகிரி ஏறினால், ஒளியே இல்லாமல் சூட்டால் அதில் எழும் போலி சிக்னல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காற்று 28 டிகிரி இருக்கும்போது குளிரூட்டிய கேமரா பூஜ்யத்துக்கு இறங்கி நிற்கும். மற்ற இரண்டும் வியர்க்கும்.

அப்படியானால் மூன்றாவதையே வாங்கிவிடலாமே என்றால், நான் தடுப்பேன். இரண்டரை, மூன்று லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். கார் டிக்கி நிறையும். முதல் ஆறு மாதம் படத்தைவிட கேபிளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஆரம்பத்திலேயே அதை வாங்கிய ஒருவரைத் தெரியும். மவுண்ட் இப்போது அவர் பீரோவுக்குப் பக்கத்தில், அதன்மேல் துணி காய்கிறது. நகரத்தில் இருந்து, வாரம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் சீஸ்டார் வாங்குங்கள். கேமரா ஏற்கெனவே இருந்து, மாதம் ஒருமுறை மலை ஏறும் பழக்கமும் இருந்தால் ட்ராக்கர்.

அந்த இரவுக்கு மறுபடி வருகிறேன். அதிகாலை மூன்று மணிக்குக் கரைனா நெபுலா தெற்கில் தன் உச்சிக்கு வந்தது. உச்சி என்றாலும் 17 டிகிரிதான், மலை விளிம்புக்குச் சற்று மேலே. லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. 2 டிகிரி அகலம். சீஸ்டாரின் சட்டகத்துக்குள் அடங்காது, என் லென்ஸுக்கோ அளவெடுத்ததுபோல் பொருந்தும். இதற்காகத்தான் இத்தனை பாடு என்று கேமராவைத் திருப்பி ஒரு படம் எடுத்தேன். எல்லா நட்சத்திரமும் பஞ்சு உருண்டை. டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸ் முழுக்கப் பனி. நண்பரின் பெட்டியில் உள்ளேயே ஒரு ஹீட்டர் இருந்தது. அவர் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார், அது கரைனாவை நான்கு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தது.