செத்தவரை என்னவென்று எழுதுவது?

ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவரின் கொலையில் கைதான நான்கு பேரை, 2019 டிசம்பர் 6 விடிகாலையில் சட்டன்பள்ளி பக்கம் போலீஸ் சுட்டுக் கொன்றது. கைதாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. ஆனாலும் அன்று டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் அவர்களுக்கு ஒரே பெயர்: ‘குற்றவாளிகள்’. நானும் அப்படித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அது தீர்ப்பு வந்தபின் எழுத வேண்டிய சொல். அதை முன்கூட்டியே ஒட்டிவிட்டால் அப்புறம் வருவது எதுவும் காதில் ஏறாது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்பூர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் போலீஸ் சுட்டது என்று சொன்னது. நால்வரில் மூவருக்கு அப்போது 18 வயதுகூட ஆகவில்லை என்றும் சொன்னது. அந்த அறிக்கை 2022 மே மாதம் வெளியானபோது எத்தனை பேர் அதைப் பேசினார்கள்?

‘கொலையாளி’ என்ற சொல்லை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர், ராஜீவ் காந்தி கொலை. இடுப்பில் குண்டோடு வந்த தணு அங்கேயே இறந்துபோனார். அவர்மேல் வழக்கு நடத்த வழியே இல்லை. ஆனால் அந்த வழக்கின் 41 பேரில் 12 பேர் இறந்தவர்கள், மூவர் தலைமறைவு என்று எழுதிவிட்டு, மிச்சம் 26 பேரை விசாரித்தார்கள். அந்த விசாரணையில், குண்டை வெடிக்கச் செய்தது யார் என்பதும் சாட்சியத்தோடு அலசப்பட்டது. விஷயம் 1999-இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. ஆகவே தணுவைக் கொலையாளி என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. அந்தப் பட்டியலில் இருந்த மற்ற 11 பேருக்கு அதே சொல்லைத் தாராளமாக நீட்டமாட்டேன். அவர்கள் பக்கம் பேச வக்கீல் யாரும் இருக்கவில்லை.

‘குற்றம் சாட்டப்பட்டவர்’ பார்க்கப் பத்திரமான சொல். நம் ஊரில் எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறினாலே போலீஸ் காகிதத்தில் ‘எதிரி’, ‘ஏ1’ ஆகிவிடுவார். அந்த அளவில் இந்தச் சொல் பொருந்தும். முறையாகக் குற்றம் சாட்டுவதையே தனிப்படியாக வைத்திருக்கும் நாடுகளின் செய்திக்கு இதைப் போட்டால் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னதாகிவிடும்.

அடுத்தது ‘சந்தேக நபர்’. இலங்கைப் பத்திரிகைகள் இதைத்தான் விடாமல் எழுதுகின்றன, நல்ல பழக்கம். ஆனால் சந்தேகம் யாருடையது, எப்போது வந்தது என்று அதில் தெரியாது. ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986 பிப்ரவரி 28 இரவு ஸ்டாக்ஹோம் தெருவில் சுடப்பட்டார். பக்கத்து அலுவலகத்தில் வேலை பார்த்த ஸ்டிக் எங்ஸ்ட்ரோம் அன்று வெறும் சாட்சி. அதுவும் போலீஸ் பெரிதாக மதிக்காத சாட்சி. 2000-இல் இறந்தார். 2020 ஜூனில் அரசு வழக்கறிஞர் அவர் பெயரைச் சொல்லி, ஆள் உயிரோடு இல்லாததால் வழக்கை முடிப்பதாக அறிவித்தார். 2025 டிசம்பரில் அதே வழக்குத்துறை, அவரைக் கைகாட்ட ஆதாரம் போதாது என்றது. மூன்று தேதிக்கு மூன்று விதமான ஆள். தேதி இல்லாமல் ‘சந்தேக நபர்’ என்று எழுதினால் அரைகுறைதான்.

எனக்குப் பிடித்தது, சொல்கிறவரையும் வாக்கியத்துக்குள் இழுத்துவரும் முறை. 2001-இல் அமெரிக்காவில், ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமியை உள்ளே வைத்து அனுப்பிய கடிதங்களால் 5 பேர் இறந்தார்கள். முதலில் அடிபட்ட பெயர் ஸ்டீவன் ஹாட்ஃபில். அவர் உயிரோடு இருந்தார், வழக்குப் போட்டார், 2008-இல் அரசு பல லட்சம் டாலர் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் ராணுவ ஆய்வகத்தின் புரூஸ் ஐவின்ஸ் இறந்தார். சில நாளில், தனியாகச் செய்தது அவர்தான் என்று அரசு சொல்லிவிட்டது. அவரால் வழக்குப் போட முடியாதே! 2011-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு, அறிவியல் சான்றை மட்டும் வைத்து உறுதியான முடிவுக்கு வர முடியாது என்றது. ‘எஃப்.பி.ஐ. குற்றவாளி என்று முடிவுகட்டிய, வழக்கு விசாரணையைச் சந்திக்காமலே இறந்த ஐவின்ஸ்’ என்றால் நீளம்தான், பொய் கிடையாது.

இந்தியச் சட்டத்தில் இறந்தவரைப் பற்றிய அவதூறும் அவதூறுதான், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356.

தமிழில் இன்னொரு வம்பு: அவனா, அவரா? கைதான அன்றே பலர் ‘அவன்’ ஆகிவிடுகிறார்கள். சொல்லை எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் அந்த ‘ன்’ தீர்ப்பு எழுதிவிடும். ‘கொன்றாராம்’ என்று ஓர் ‘ஆம்’ போடலாம்தான், ஆனால் அதில் கிண்டல் வாடை அடிக்கும்.

சரி, சட்டன்பள்ளிக்கு என் வரி: ‘கொலை வழக்கில் கைதாகி, குற்றப்பத்திரிகைக்கு முன்பே போலீஸ் காவலில் சுட்டுக் கொல்லப்பட்ட நால்வர்’. டிவியில் கீழே ஓடும் பட்டைக்கு இது நீளம். இரண்டு தடவையாக ஓடட்டும்.