சந்தனக் கன்று வாங்கினேன், பொன்னாங்கண்ணியைப் பிடுங்கிவிட்டேன்

ஒடுகத்தூர் போகிற வழியில் இருக்கும் ஒரு தனியார் நாற்றுப்பண்ணையில் இரண்டு வருடத்தில் மூன்று முறை கன்று வாங்கியிருக்கிறேன். திட்டவும் விஷயம் இருப்பதால் பெயர் வேண்டாம்.

அணைக்கட்டு பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் கொல்லை. அப்பா காலத்தில் வரப்பெல்லாம் புங்கன், வேம்பு, ஒரு பெரிய நாவல். 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. போர் போட்டோம். மோட்டார் வந்த பின் டிராக்டரும் வந்தது, அது திரும்ப இடம் கேட்டது. வரப்பு மரங்கள் ஒவ்வொன்றாக விறகுத் தொட்டிக்குப் போயின. போரும் இப்போது வற்றிவிட்டது. அதனால்தான் மரம் வைக்கலாம் என்று கிளம்பினேன்.

உள்ளே நுழைந்ததுமே செம்மரம். பக்கத்துச் சித்தூர்க் காட்டு மரம், கேட்பாரும் அதிகம். அப்புறம் தேக்கு, மகாகனி, பிளைவுட்டுக்கு மலைவேம்பு, காகித ஆலைக்குச் சவுக்கு. ஆலைகள் காட்டை நம்பாமல் உழவர்களிடம் மரம் வாங்கட்டும் என்று 1988 தேசிய வனக் கொள்கை சொன்னதன் பலன் இங்கே பாக்கெட் பாக்கெட்டாக நிற்கிறது. வேப்பங்கன்று கேட்டேன். "இன்னா சார், வேப்பங்கன்ன யாரு காசு குடுத்து வாங்கறாங்க?" என்று சிரித்தார் கடைக்காரர்.

நான் வாங்கியது சந்தனம், கன்று 40 ரூபாய், மொத்தம் 30. தானாக முளைத்த சந்தனக் கன்றை என் தாத்தா பிடுங்கி எறிந்ததைப் பார்த்தவன் நான். பட்டா நிலத்தில் இருந்தாலும் மரம் அரசாங்கத்துடையது, நமக்கு எதற்கு வம்பு என்பார். 2002இல் சட்டத்தைத் திருத்தி வளர்த்தவருக்கே உரிமை கொடுத்தார்கள். விற்பதென்றால் இன்றும் வனத்துறை வழியாகத்தான். அவர் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இப்போது என் புகார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் பொன்னாங்கண்ணி முளைத்திருந்தது. களை என்று நினைத்து 12 பாக்கெட்டில் பிடுங்கிவிட்டேன். அதில் 9 கன்று காய்ந்துபோனது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து சத்து உறிஞ்சி வளர்கிற மரமாம். பொன்னாங்கண்ணியை அதற்காகவேதான் வைத்திருக்கிறார்கள். கொல்லையில் நட்ட பிறகு துவரையோ சவுக்கோ துணைக்கு வேண்டும். காசு வாங்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன? போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன் சார்" என்று 5 கன்று சும்மா கொடுத்தார். சரி, அந்த மட்டும் நல்ல மனுஷன்.

அங்கே வாங்கிய மற்றவற்றில் மலைவேம்பு நன்றாக வருகிறது, ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. தேக்கில் மட்டும் பாக்கெட்டுக்குள்ளேயே வேர் சுருண்டு கிடந்தது. அடிப்பக்கத்தை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் உழவன் செயலி வழியாகப் பதிந்தால் கன்று இலவசம். வரப்போரம் நட ஏக்கருக்கு 50 தருகிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். அங்கே கிடைக்காததற்கு மட்டும் இந்தப் பண்ணைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேன் எடுத்து வருகிறவர்கள் நல்ல கன்றையெல்லாம் காலையிலேயே பொறுக்கிவிடுகிறார்கள்.